முதல் நாள் வாத்து

டப்பா காலியாக இருந்தது.

டேப் சார் அதை மூடினார். மறுபடி திறந்தார். மூடி மூடித் திறந்தால் உள்ளே டேப் முளைத்துவிடும் என்பதுபோல மூன்று தடவை செய்து பார்த்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'முதல் நாள் ஒளிபரப்பு' என்று முத்து முத்தான கையெழுத்து. உள்ளே தூசிகூட இல்லை.

டப்பா காலி என்பது அவருக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். அந்தச் சின்ன டிவி நிலையத்தின் டேப் அறைக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பழசு எதையாவது அழிச்சுட்டு, மாட்டுக்கு வர்ற கோமாரி பத்தின நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுப்பா" என்று சொன்னார்கள். கைக்கு வந்த பத்துப் பன்னிரண்டை அழித்தார். ஒரு வாரம் கழித்துத்தான் இந்த டப்பா காலியாக இருப்பதைப் பார்த்தார். அழித்ததில் அதுவும் ஒன்று என்று முடிவு கட்டினார்; இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"டேப் சார், எடுத்துட்டீங்களா?" நிலைய இயக்குநர் அம்மா கதவருகே நின்றார்.

"எடுத்துட்டேம்மா." டப்பாவைத்தான் எடுத்திருந்தார். அந்த அளவுக்குப் பொய்யில்லை.

"போட்டுப் பாத்தீங்களா?"

"கொஞ்சம் பூசணம் பிடிச்சிருக்கு. துடைக்கணும்."

"நல்லாத் துடைங்க. தலைமையகத்துலேர்ந்து அதிகாரி வர்றார். இவ்வளவு சின்ன நிலையம் எதுக்கு, மூடிட்டு நகரத்துலேர்ந்தே ஒளிபரப்பிடலாம்னு அங்க பேச்சு ஓடுது. ஆறு மணிக்கு நம்ம முப்பதாம் ஆண்டு நிகழ்ச்சி. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், முதல் நாள் ஒளிபரப்பைப் பாக்கணுமாம். அவருக்கு அது பிடிச்சா நாம இருப்போம். இல்லேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

அவர் போனதும் டேப் சார் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்து டப்பாவை நான்காவது தடவையாகத் திறந்தார்.

நகரத்து ஆட்களுக்கு அது சின்ன நிலையம். இரண்டு மாடி, ஒரு ஸ்டூடியோ, பின்பக்கம் குன்றின் மேல் ஒரு கோபுரம். ஆனால் சுற்றியிருந்த நூற்றுச் சொச்சம் ஊர்களும் எந்தச் சந்தையில் என்ன விலை, யார் வீட்டு மாடு காணாமல் போனது, யார் வீட்டுப் பெண் பரீட்சையில் முதலில் வந்தாள் என்பதையெல்லாம் அதில்தான் பார்த்தன. ஒரு வருஷம் ஆறு உடைத்துக்கொண்டு பாலங்கள் போனபோது, பத்திரமாக இருக்கிறவர்களின் பெயர்களை இரண்டு நாள் விடாமல் வாசித்தார்கள். தன் பிள்ளை பெயர் வரும்வரை டிவி முன்னால் நின்றுகொண்டே இருந்த தாய்மார்கள் உண்டு. அதை நகரத்திலிருந்து யார் வாசிப்பார்கள்?

ஒன்பதரை மணிக்கு டேப் சார் ஒரு முடிவுக்கு வந்தார். முதல் நாள் டேப் இல்லை. அதனால் என்ன? முதல் நாள் செய்தி வாசித்தவர் இருக்கிறாரே!

ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த செய்தி அக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அழிஞ்சுபோச்சா? எப்படிப்பா?"

"தானா அழிஞ்சுபோச்சுக்கா." டேப் சார் தரையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க மறுபடி ஒரு தடவை வாசிச்சுட்டீங்கன்னா ஜோலி முடிஞ்சது. அன்னிக்கு என்ன வாசிச்சீங்க?"

"வணக்கம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரே படபடப்பு. ஒண்ணும் ஞாபகமில்ல. பின்னால ஒரு நீலத் திரை தொங்குச்சு. அது மட்டும் தெரியும்."

வணக்கத்தையும் நீலத் திரையையும் வைத்துக்கொண்டு கால்மணி நேரச் செய்தியை எப்படி ஓட்டுவது? டேப் சாருக்கு அடுத்த யோசனை உதித்தது. மதியம் ஓடிய உழவர் நிகழ்ச்சியின் அடியில் ஒரு வரி ஓடவிட்டார்: 'நமது நிலையத்தின் முதல் நாள் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் உடனே அழைக்கவும்.'

மொத்த வட்டாரமும் அழைத்தது.

"நான் பாத்தேன் சார்! பின்னால பச்சைத் திரை!"

"நீலம்னு சொல்றாங்களே?"

"எவன் சொன்னான்? எங்க வீட்டுல கறுப்பு வெள்ளை டிவிதான். அதுலயே பச்சைன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது!"

அடுத்த அழைப்பு ஒரு தையல்காரம்மா. "செய்தி வாசிக்கும்போது குறுக்க ஒரு வாத்து போச்சே, அதை எப்படிங்க மறக்க முடியும்?"

"வாத்தா?"

"ஆமா. அக்கா அதைப் பாத்துச் சிரிச்சாங்களே."

செய்தி அக்கா போனைப் பிடுங்கினார். "ஏம்மா, நான்தான் வாசிச்சேன். வாத்தும் வரல, ஒண்ணும் வரல!"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க பேப்பரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் நாற்பத்தோரு பேர் வாத்தைப் பார்த்திருந்தார்கள். ஆறு பேர் இரண்டு வாத்து என்றார்கள். ஒரு லாரி டிரைவர், அந்த வாத்து தன் சித்தப்பா வீட்டு வாத்துதான் என்று சத்தியம் செய்தார். போன் கிடைக்காதவர்கள் டிராக்டரிலும் சைக்கிளிலும் நேரிலேயே வந்து இறங்கினார்கள். வாசலில் பச்சைக் கட்சி, நீலக் கட்சி என்று பிரிந்து சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார்.

இரண்டேகாலுக்குச் செய்தி அக்கா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இப்ப யோசிச்சுப் பாத்தா... காலுக்குக் கீழ ஏதோ 'குவாக்'குன்னு சத்தம் வந்த மாதிரிதான் இருக்கு."

"சரியா ஞாபகம் இருக்காக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளை வாத்து."

ஆக, வாத்து வேண்டும். லாரி டிரைவர் கேட்டுக்கு வெளியே தயாராக நின்றிருந்தார். சித்தப்பா வீட்டு வாத்தின் பேரனோ கொள்ளுப்பேரனோ, ஒன்றைக் கூடையில் கொண்டுவந்து நீட்டினார். "அதே ரத்தம் சார். நம்பி எடுத்துக்கலாம்."

பச்சைக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம் என்று மூன்று மணிக்கு ஸ்டூடியோவில் பச்சைத் திரை கட்டினார்கள். கேமராக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், அக்காவுக்கு முப்பது வருஷம் கூடித் தெரியுது."

"கூடத்தானேய்யா தெரியும்!"

"அப்ப லென்ஸ்ல எண்ணெய் தடவிடட்டுமா?"

தடவினார். இப்போது அக்கா தெரியவில்லை. திரையும் தெரியவில்லை. வாத்து மட்டும் வெள்ளையாக ஒரு புகைபோலத் தெரிந்தது.

"பழசு மாதிரியே இருக்கு. ஓட்டு!" என்றார் டேப் சார்.

"வணக்கம்" என்று அக்கா ஆரம்பித்தார். வாத்தைத் தள்ளிவிட்டார்கள். குறுக்கே போகவேண்டிய வாத்து குறுக்கே போகாமல் மேசை மேல் ஏறி, செய்திக் காகிதத்தை ஒரு கடி கடித்தது. அக்கா பாதியை வாசித்தார், மீதியை வாத்தின் வாயிலிருந்து இழுத்து வாசித்தார். வாத்து திரையில் தொங்கியது. திரை அக்காவின் தலை மேல் விழுந்தது. திரைக்குள்ளிருந்தே அவர், "இத்துடன் செய்திகள் முடிவடைகின்றன" என்று குரல் நடுங்காமல் முடித்தார். அத்தனை வருஷ அனுபவம் லேசுப்பட்டதா?

"மறுபடி எடுக்கலாம்" என்று டேப் சார் சொல்லி வாய் மூடவில்லை, வாத்து திறந்திருந்த கதவு வழியே பாய்ந்துவிட்டது. அவர் பின்னாலேயே ஓடினார். நடைபாதைத் திருப்பத்தில் வாத்து நின்றது. அதற்கு எதிரே, இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட தலைமையக அதிகாரியும், பக்கத்தில் முகம் வெளுத்த இயக்குநர் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

அதிகாரி வாத்தைப் பார்த்தார். வாத்து அதிகாரியைப் பார்த்தது.

"இது?"

"உழவர் நிகழ்ச்சிக்கு வந்த விருந்தாளி சார்" என்றார் டேப் சார். அவசரத்தில், அதிகாரிக்கு வணக்கம் சொல்லும்போது வாத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மறுபடி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு அந்த ஒரே டேப் ஓடியது. அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டேப் சார் கடைசி வரிசைக்கும் பின்னால், ஓட வசதியாகக் கதவோரம் நின்றுகொண்டார். புகைக்குள் அக்கா வணக்கம் சொன்னார். வாத்து மேசை ஏறியது. திரை விழுந்தது.

அதிகாரி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். அப்ப எனக்கு ஏழு வயசு. பக்கத்து வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டு இதைப் பாத்தேன்." டேப் ஓடிய பக்கம் கை காட்டினார். "வாத்தை நான் சொன்னா என் பெண்டாட்டிகூட நம்பமாட்டா. அதே வாத்து! சாயங்காலம் நடையில ஒண்ணைப் பாத்தப்பவே நெனைச்சேன், இன்னும் மாறாம இருக்காங்கன்னு. இந்த நிலையத்தை யார் மூடறாங்கன்னு நானும் பாக்கிறேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செய்தி அக்காவைத் தோளில் தூக்காத குறை. இயக்குநர் அம்மா டேப் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "எப்படித்தான் துடைச்சீங்களோ!"

டேப் சாரால் அங்கே நிற்க முடியவில்லை. ஒவ்வொரு கைதட்டலும் முதுகில் அறைவதுபோல இருந்தது. வெளியே வந்தார். கேட்டருகே டவர்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிலையம் தொடங்கியதிலிருந்து குன்றின் மேல் கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வாரத்துக்கு ஒரு தடவைதான் கீழே இறங்குவார். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறவர்.

அதனாலேயே டேப் சாருக்கு அவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

"அண்ணே, யார்கிட்டயாவது கொட்டலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும். உள்ள ஓடினது பொய். முதல் நாள் டேப்பை இருபத்தெட்டு வருஷம் முந்தி நான்தான் அழிச்சேன். இந்தக் கையாலதான். அதுலேர்ந்து ஒரு நாள்கூட நான் நிம்மதியாத் தூங்கினதில்ல."

டவர்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். டேப் சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னத்தை அழிச்சீங்க? ஆன்டெனாவும் பதிவு மெஷினும் ஏத்திக்கிட்டு வந்த லாரி வழியில படுத்து, நாலாம் நாள்தானே இங்க வந்து சேந்துச்சு; முதல் நாள் அக்கா பாட்டுக்கு வாசிச்சாங்க, அது அந்த ரூமைத் தாண்டவே இல்லியே சார்!"