செலவில்லாத கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போத்திர் சார்ஜ் வயரைக் கழற்றப் போனபோது, பக்கத்து வீட்டு தோஜி அண்ணன் முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பெல்ட்டும் போட்டாயிற்று.

"என்னண்ணே, எங்க?"

"முட்டி வலிடா. டாக்டரப் பாக்கணும்."

"முந்தாநாள்தானே கூட்டிட்டுப் போனேன்?"

"அது எடது முட்டி."

வாசலில் அவன் மனைவி மஹ்லியோ புதுப் பட்டு உடுத்தி, சுடச்சுட சம்சாக்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள். அங்ரெனில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. கார் வாங்கிய நாளிலிருந்து இதே ஏற்பாடுதான். வசந்தம் போய் முலாம்பழக் காலமும் வந்துவிட்டது. அவள் இன்னும் அந்த முன்சீட்டில் உட்கார்ந்தபாடில்லை.

எல்லாம் போத்திரின் வாய்க்கொழுப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேறு. பழைய காரை விற்று மின்சாரக் கார் வாங்கிய கையோடு, தாஷ்கெந்தில் அவர்கள் தெருத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, பெட்ரோலுக்கு என்ன ஆகும், கரண்டுக்கு என்ன ஆகும், எவ்வளவு ஓடினால் போட்ட காசு தேறும் என்று ஓர் அண்டா பிலாவ் தீரும்வரை விளக்கினான். கேட்டவர்கள் அத்தனை பேரும் மறுநாளே ஏறத் தொடங்கினார்கள். தெருக்காரர் ஒருவர் கேட்டு இல்லை என்று சொல்வது அங்கே கிடையாது. சொன்னால், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா தூக்க ஆள் வராது.

"சார்ஜே ஏறலண்ணே, பாதி வழியில நின்னுடும்" என்று போத்திர் புளுகினான்.

"அவ்வளவுதானே? எங்க வீட்டுக் கரண்டுல போடு!"

தோஜி அண்ணன் தன் வீட்டு ஜன்னல் வழியாக வயரை இழுத்தே விட்டார். சார்ஜ் ஏறும்வரை விருந்தாளியைச் சும்மா உட்காரவைக்க முடியுமா? தேநீர் வந்தது, சூப் வந்தது, பிலாவுக்குக் கேரட் நறுக்கும் சத்தமும் கேட்டது. அதற்குள் ரொட்டி விற்கும் ஹோஜர் அக்கா பின்சீட்டில் கூடையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"கடைவீதி வரைக்குந்தான் தம்பி. போற வழிதானே?"

அது போகிற வழியே இல்லை.

மஹ்லியோ மூட்டையைப் பிரித்து, சம்சாக்களைக் காரில் இருந்தவர்களுக்கே பரிமாறினாள். துணியை உதறி மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அன்று சாயங்காலமே போத்திர் தேநீர்க்கடைக்குப் போய் எல்லார் காதிலும் விழும்படி புலம்பினான். "தப்புக் கணக்குப் போட்டுட்டேன். கரண்டு கையக் கடிக்குது, நஷ்டந்தான். இதுக்குப் பெட்ரோல் காரே தேவலாம் போல."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். தோஜி அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உறைத்துவிட்டது என்று போத்திர் நிம்மதியாக வீடு திரும்பினான்.

மறுநாள் வாசலில் கூட்டம் இரட்டிப்பாக நின்றது. வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றார். கார் ரிப்பேர் என்றான் போத்திர். நாலு பேர் சேர்ந்து மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு போய், ஒரு பழுதும் இல்லை என்ற நற்செய்தியோடு அதிலேயே ஏறித் திரும்பி வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மஹ்லியோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

"நில்லு மஹ்லியோ! இவங்கள எறக்கிவிட்டுட்டு வந்துடறேன்."

"நீங்க ஊரச் சுத்துங்க. திரும்பி வர்றதப் பத்தி நான் அம்மா வீட்டுல உக்காந்து யோசிக்கறேன்."

வெறுத்துப்போயிற்று போத்திருக்கு. பல்லில்லாத பெரியவரை இறக்கிவிட்டு நேரே கார்ச் சந்தைக்குப் போனான். கேட்ட விலைக்கு மின்சாரக் காரைத் தள்ளிவிட்டு, புகை கக்கும் பழைய பெட்ரோல் கார் ஒன்றை ஓட்டி வந்தான். நஷ்டத்தை நினைக்க நெஞ்சு வலித்தது. போகட்டும், அடுத்தவன் பெட்ரோலில் ஓசியில் போக யாருக்கும் கூச்சமாக இருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு அங்ரெனுக்குப் போய், அவள் காலில் விழுந்தாவது முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வரவேண்டும்.

கார் இருமிக்கொண்டே வாசலில் நின்றது. தெருவே கூடிவிட்டது. ஆனால் ஒருவரும் கதவில் கை வைக்கவில்லை. தோஜி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஹோஜர் அக்கா ரொட்டிக் கூடையைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து புலம்பினாள்.

"வித்துட்டியா பாவி! வெல ஜாஸ்தி, ஓட ஓடத்தான் போட்ட பணம் தேறும்னு நீதானே கணக்கு சொன்னே? நீ நஷ்டப்படக் கூடாதேன்னுதானேடா தெருவே மொற போட்டு, வேலையில்லாத எடத்துக்கெல்லாம் போய்ட்டுப் போய்ட்டு வந்தோம்!"