பதில் பணிப்பாளர்

கனிசியஸ் பதில் பணிப்பாளராகி இருபத்தாறு மணித்தியாலம் கழிந்த பிறகுதான் ஆரபிக்குத் தன் பிழை தெரிந்தது.

ஆளுநர் செயலகத்தில் நியமனக் கடிதங்களைத் தட்டச்சுச் செய்வது அவள் வேலை. முந்தின நாள் வந்த கோப்பின் ஓரத்தில் ஆளுநர் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘கனிசியஸ் – பதில் போடவும்.’

கரையோர அலுவல்கள் திணைக்களத்தின் தலைமை எழுதுவினைஞர் கனிசியஸ். அங்கே தலைவரான பணிப்பாளரின் கதிரை இரண்டு வருடமாகக் காலி. நிரந்தரமாக ஒருவர் வரும்வரை பொறுப்பைப் பார்ப்பவர் ‘பதில் பணிப்பாளர்’ தானே? அப்படியே நியமனக் கடிதம் போட்டுவிட்டாள். கொழும்புக்குப் புறப்படும் அவசரத்தில் ஆளுநரும் முப்பது கடிதங்களோடு அதிலும் கையெழுத்து வைத்துவிட்டார்.

இப்போது பிரிவுத் தலைவி மகாதேவி வந்து நின்றார்.

“பிள்ளை, அந்தக் கனிசியஸின்ரை கடிதத்துக்குப் பதில் போட்டிட்டீரோ?”

“என்ன கடிதம், அக்கா?”

“‘அந்தரங்கம்’ எண்டு ஒட்டி வந்தது. ஆளுநர் ஐயா இன்னும் உடைக்கேல்லை. திங்கட்கிழமை வந்துதான் பாப்பாராம். கிடைச்சது எண்டு ஒரு வரி பதில் போடச் சொன்னவர்.”

ஆளுநர் கேட்டது பதில் கடிதம்; ஆரபி போட்டது பதில் பணிப்பாளர். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இது வெளியே வந்தால் வேலையே இல்லை.

உடனே திணைக்களத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்: ‘நியமனக் கடிதத்தில் பதில் என்பது தவறு. இரத்துச் செய்யவும்.’

பத்து நிமிடத்தில் அங்கிருந்து எழுதுவினைஞர் எமில்ராஜ் தொலைபேசி எடுத்தார்.

“வலு சந்தோசம், தங்கச்சி! ‘பதில்’ எண்டதை வெட்டிப்போட்டம். இப்ப அவர் முழுப் பணிப்பாளர். பெயர்ப்பலகைக்கும் சொல்லியாச்சு.”

“ஐயோ அண்ணை, பலகையை நிப்பாட்டுங்கோ!”

“ஏன், மரப்பலகை காணாதோ? சரி, பித்தளையிலை அடிப்பிக்கிறம்.”

பின்னேரம் அவளே குருநகரில் கனிசியஸின் வீட்டுக்குப் போனாள். வாசலெல்லாம் வெடித்த சீனவெடிக் கடதாசி. அவர் மனைவி கத்தரீனா கேக் வெட்டி அவள் கையில் வைத்தார். கனிசியஸின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. அந்தக் கடிதம் என்ரை பிழை. திருப்பித் தாங்கோ. இல்லாட்டி என்ரை வேலை போயிடும்.”

“தாறன், பிள்ளை. நான் உந்தக் கதிரையைக் கேக்கேல்லை. ஆனா தந்தாலும் உமக்குத்தான் கரைச்சல்.”

“எனக்கோ?”

“உம்மை வேலைக்கு எடுத்து ஆளுநரிட்டை அனுப்பினது எங்கடை திணைக்களம்தானே?”

“ஓம். போன வருசம்.”

“போன வருசம் எங்கடை பணிப்பாளர் ஆர்?”

“அப்ப கதிரை காலியெல்லோ? ஆனா என்ரை கடிதத்திலை பணிப்பாளர் எண்டு ஒரு கையெழுத்து இருக்கே?”

கனிசியஸ் நிலத்தைப் பார்த்தார்.

கத்தரீனாவுக்குப் பொறுக்கவில்லை.

“‘பென்சனிலை போன பணிப்பாளரின்ரை கையெழுத்தை ரெண்டு வருசமா நான்தான் வைச்சனான், மன்னிக்கோணும்’ எண்டுதான் இவர் ஆளுநருக்கு அந்த அந்தரங்கக் கடிதத்தை எழுதினவர், உம்மடை நியமனக் கடிதத்திலை இருக்கிறதும் இவர் வைச்ச கள்ளக் கையெழுத்துத்தான், பிள்ளை!”