ஏசி வேண்டாம், எனக்கு ஊசி இருக்கிறது

அன்பு மகள் யீதிங்குக்கு,

சோங்சிங்கிலிருந்து அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். வெயில் என்னைவிடச் சௌக்கியம். ஹார்பினில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் தோதோவும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அப்பா, ஏசி மாட்டுனாத்தான் புள்ளையக் கூட்டிட்டு வருவேன். இல்லேன்னா இந்த வருஷமும் வீடியோவுலயே பாத்துக்குங்க." பெற்ற தகப்பனுக்கு நிபந்தனை போடுகிறாய். போன கோடையிலும் இதையே சொல்லித்தான் வராமல் இருந்துவிட்டாய். அவன் நடக்க ஆரம்பித்ததை நான் உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்த்தேன். அதில் எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக என் வீட்டுச் சுவரில் ஓட்டை போட விடமாட்டேன்.

நான் யார்? இந்த ஊர் மலைச்சாலைகளில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன். இஞ்சின் சூட்டில் முழங்கால் வெந்தவன். எனக்கா நீ வெக்கையைப் பற்றிச் சொல்லித் தருகிறாய்? ஏசிக் குளிர் மயிர்க்கால் வழியாக உள்ளே போய், எலும்பில் உட்கார்ந்து, குளிர்காலத்தில் வட்டியோடு வெளியே வரும். என் வழி வேறு. காலையில் பிளாஸ்கிலிருந்து வெந்நீர், மத்தியானம் பச்சைப்பயறுக் கஞ்சி, அதுவும் ஐஸ் போடாமல், சாயங்காலம் பாகற்காய், ராத்திரி மூங்கில் பாய். கோடை உச்சத்தின் முதல் நாள் வரிசையில் நின்று முதுகில் இஞ்சி மருந்துப் பற்று போட்டுக்கொண்டேன். தோல் கொஞ்சம் வெந்துபோனது உண்மைதான், ஆனால் வரப்போகிற குளிர்கால இருமல் இப்போதே பயந்து போயிருக்கும். நம் தெருவே மலைக்கு அடியிலுள்ள பழைய குண்டுவீச்சுப் பதுங்கு சுரங்கத்தில் நாற்காலி போட்டு மாஜோங் காய் ஆடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு ரான் அம்மாள் தினமும் கூப்பிடுகிறாள். "வாங்கண்ணே, உள்ள ஜில்லுன்னு இருக்கு." "அது ஈரக் குளிரும்மா, முட்டிக்குள்ள புகுந்து குடித்தனம் நடத்தும், எனக்கு வேணாம்" என்றேன். "அப்ப வெந்து சாவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் நான் கொள்கையோடு வாழ்கிறேன்.

என் கொள்கைக்கு ஆதாரம், நம் தெருப் படிக்கட்டுக்குக் கீழே அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் மூ டாக்டரம்மாவின் ஊசி. முழங்கை மடிப்பில், கட்டைவிரல் கவட்டில், பிடரியில், உச்சந்தலையில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, "அசையாமப் படுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விடுவாள். சற்று நேரத்தில் உடம்பு கிணற்றடி மாதிரி குளிர்ந்துவிடும். உயிர்மூச்சு நரம்புகளில் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். 'ம்ம்' என்று, தேனீக்கூட்டம் மாதிரி. இதெல்லாம் மாப்பிள்ளை படித்த இஞ்சினியரிங்கில் வராது.

அப்படிக் குளிர்ந்து படுத்திருந்த முந்தாநாள்தான் போன் வந்தது. "ஏசி கொண்டாந்திருக்கோம் தாத்தா, கதவு பூட்டியிருக்கு." என்னைக் கேட்காமலே நீ ஆர்டர் போட்டிருக்கிறாய். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அப்படியே எழுந்து ஓடினேன். பனியனை நெஞ்சுவரை சுருட்டி விட்டிருந்தேன், அது நம் ஊரில் எல்லா ஆம்பளையும் செய்வதுதான். ஊசிகளை எடுக்கவில்லை என்பது தெருப் படிக்கட்டில் பாதி ஏறிய பிறகுதான் தெரிந்தது. முழங்கையில் ஊசி, கை மடங்கவில்லை. ரெண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு, தலையில் ஒரு ஊசி ஆட, எட்டு மாடி ஏறினேன். ஏற ஏற வேர்வை கொட்டியது. அதைப் பிடித்துக்கொள்ளாதே. அசையாமல் படுத்தால்தான் ஊசி குளிர்விக்கும், ஓடினால் எப்படிக் குளிரும்?

மேலே ரெண்டு ஆட்கள் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். "தாத்தா, ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிச்சு வந்துட்டீங்களா?" என்றான். "நான் எங்கிருந்து வந்தா உனக்கென்ன? பெட்டிய எடுத்துட்டுப் போ" என்றேன். "லிப்ட் இல்லாத வீடு. மறுபடி எறக்குனா எங்களுக்கும் நீங்க ஊசிதான் குத்தணும்" என்றான். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், கட்டைவிரல் கவட்டில் ஊசி இருக்கும்போது எவன் கையெழுத்துப் போடுவான்? அதற்குள் மூ டாக்டரம்மா ஓடி வந்து, ரான் அம்மாள் முன்னாலும் அந்த ஆட்கள் முன்னாலும் என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினாள். "எந்தப் பேஷண்டும் இப்படி என் ஊசியத் திருடிட்டு ஓடுனதில்ல" என்றாள். அந்த ஆட்கள் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். இப்போது ரான் அம்மாள் அதன்மேல் துணி விரித்து மாஜோங் ஆடுகிறாள். அந்தப் பெட்டிக்கு அதுதான் உபயோகம். அது என் வாசலைத் தாண்டாது.

ஆகவே மகளே, முடிவாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் இருக்கும்வரை ஏசி கிடையாது. ஹார்பினுக்கும் வரமாட்டேன். நீ வந்தால் வா, வராவிட்டால் போ. பேரனை வீடியோவிலேயே பார்த்துக்கொள்கிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தோதோவின் ரெண்டு கன்னத்திலும் என் பெயரைச் சொல்லி முத்தம் கொடு. நீ நீடூழி வாழ வேண்டும், கொஞ்சம் சொன்ன பேச்சும் கேட்க வேண்டும்.

தலைவணங்காத உன் அப்பா,
குவாங் ஷிரோங்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகிற வழியில் மூ டாக்டரம்மாவிடம் நுழைந்தேன். அதே கட்டில், அதே இடங்களில் ஊசி. ஆனால் ஆவியில் வைத்த மீனாக வெந்துவிட்டேன், அந்த 'ம்ம்' சத்தமும் கேட்கவில்லை. "டாக்டரம்மா, இன்னைக்கு ஊசி வேலை செய்யலையே" என்றேன். "ஊசி வேலை செய்யுது ஐயா, கரண்டுதான் இல்ல" என்று கட்டிலுக்குப் பின்னாலிருந்த திரைச்சீலையை விலக்கினாள். சுவரில் ஒரு ஏசி. "உங்க உடம்புக்குள்ள இருக்கிற சூட்டுக்குத்தான் ஐயா ஊசி. இந்த ரூமுக்குள்ள இருக்கிற சூட்ட நான் எங்க குத்துவேன்?" என்றாள்.

கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனமில்லை, அதனால் மேலே உள்ளதும் அப்படியே வருகிறது. ரான் அம்மாளிடம் பெட்டியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். அந்த ரெண்டு ஆட்களையும் மறுபடி இங்கே அனுப்பி வை. சுவரில் ஓட்டை போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் என்னுடைய நிபந்தனை ஒன்று உண்டு. ஏசியை மறைத்துத் திரைச்சீலை தொங்கும், துணியும் வாங்கியாகிவிட்டது. அறை எப்படி இவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று தோதோ கேட்டால், தாத்தா ஊசி போட்டுக்கொண்டார் என்று சொல். டிக்கெட்டை இன்றைக்கே எடு.