கூ பேராசிரியரின் கோடு

"ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு!"

நஸூரா டிஷ்யூவால் ஆய்வக மேசையைத் துடைத்தாள். கவிழ்ந்த குழாயின் கடைசிச் சொட்டும் தரையில் விழுந்தது.

பார்வைக்கு அது வெறும் பால்தான். ஆனால் அதில் ஆன்டிபாடி கலந்திருந்தது. ஈரல் செல்களை உடைத்தெடுத்த ஆயிரம் புரதங்களில் ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக் கோடாகக் காட்டும் சரக்கு. செய்துகொடுத்த ஜப்பானியர் இறந்துவிட்டார். பினாங்கில் இருந்த இந்த ஒரு குழாயைத்தான் இத்தனை வருஷமும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள்.

அந்தக் கோட்டை முதன்முதலில் பிடித்தவள் சல்பியா. இன்று பக்கத்து அறையில் விரிவுரையாளர். அதைக் காட்டித்தான் பேராசிரியர் கூ ஊர் ஊராக மாநாட்டுக்குப் போனார். நஸூராவின் டாக்டர் பட்டமும் அதில்தான் தொங்கியது.

பிழிந்தாவது பார்க்கலாம் என்று டிஷ்யூவைக் குழாய்க்கு மேல் பிடித்தாள். கதவு திறந்தது. பதற்றத்தில் டிஷ்யூவைப் பிளீச் வாளிக்குள் போட்டுவிட்டாள். பிழிய இருந்ததும் போனது.

"சியோல்லேருந்து ஆளுங்க வந்தாச்சு. மருந்து எங்க?" என்றார் கூ.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு, புரொஃபசர்."

"எடுத்து வை. அவங்க கண்ணு முன்னாடி கோடு விழணும். விழலேன்னா நிதியும் இல்ல, நீயும் இல்ல."

அவர் போனதும் அலமாரியிலிருந்த 'தேநீருக்கு அல்ல' என்று எழுதிய பால்மாவு டின்னை எடுத்தாள். கரைத்துக் குழாயில் ஊற்றினாள். கோடு விழாது. மருந்து பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விருந்தினர்கள் சூழ்ந்து நிற்க, கூ தன் கையாலேயே புரதம் ஏற்றிய தாளின்மேல் அதை ஊற்றினார்.

"பாத்து, பாத்து! சொட்டு சிந்தக் கூடாது. தங்கம்லா இது!"

தாளை ஆட்டினார்கள், கழுவினார்கள், ஒளிரவைக்கும் இரண்டாவது மருந்தை ஊற்றினார்கள், இயந்திரத்தில் வைத்தார்கள். திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது.

அப்புறம் கோடு விழுந்தது. நேராக, கறுப்பாக, புத்தகத்தில் அச்சடித்தது மாதிரி.

விருந்தினர்கள் கைதட்டினார்கள். நஸூரா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். வெறும் பாலுக்கு எப்படிக் கோடு விழும்?

"எங்களுக்கும் கொஞ்சம் குடுங்களேன். சியோல்ல செஞ்சு பாக்கறோம்."

"கொஞ்சம் என்ன, பாதி எடுத்துக்குங்க!" கூவுக்குத் தலைகால் புரியவில்லை.

நஸூரா வெளியே ஓடினாள். நடைவழியில் சல்பியா கறிபஃப் தின்றுகொண்டு நின்றாள்.

"அக்கா, என்னைக் கொன்னுடுங்க. ஆன்டிபாடியைக் கொட்டிட்டேன். குழாய்ல இருக்கறது டின் பாலு. அதை சியோலுக்குக் கொண்டு போறாங்கக்கா!"

"கோடு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அதான் பயமா இருக்கு."

"அது விழும்டி. ரெண்டாவது மருந்தே போய் ஒட்டிக்கும்." சல்பியா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் இங்க சேந்த முதல் நாளே அதைக் கொட்டிட்டேன், அன்னையிலேருந்து அது டின் பாலுதான்."