படிக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பம்ப் ஸ்டவ்

கங்கப்பன் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். மகன் படித்து முன்னுக்கு வரவேண்டுமானால் வீட்டுக்குக் காப்பி பில்டர் வந்தே தீரவேண்டும்!

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கங்கப்பனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொழுது போய்விடும்.

மற்ற ஊர்களில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில்கூட அவர் ஊரான தளியில் விடிகாலை கம்பளி வேண்டும். அந்தக் குளிரில் எழுந்து உட்காருகிற மனிதனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுப்பதுதான் தர்மம். கங்கப்பனுக்குக் கிடைத்ததோ கொத்தமல்லித் தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல் என்று ஓசூரில் ஒரு டாக்டரிடம் போனார். தனியாகப் போயிருந்தால் தப்பித்திருப்பார். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனார். "கொஞ்ச நாளைக்குக் காப்பியை நிறுத்துங்க" என்று டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். சொன்னவர் அடுத்த நோயாளி வருவதற்குள் மறந்திருப்பார். மாதம்மாள் மறக்கவில்லை. மறுநாளே வீட்டிலிருந்த காப்பித் தூளை எருக்குழியில் கொட்டினாள்.

வெளியே போய்க் குடித்துவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. தளியில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு ஓட்டல். நடத்துகிறவர் நாராயணப்பன், மாதம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கங்கப்பன் போய் உட்கார்ந்ததும் கேட்காமலே சூடாகப் பால் வரும்.

"நான் காப்பி கேட்டேன் மச்சான்."

"கேட்டீங்க மச்சான். தங்கச்சி பால்னு சொல்லியிருக்கு."

இப்படி மனிதர் வாடிக்கொண்டிருக்கும்போதுதான் மகன் சென்றாயனுக்குப் பெங்களூர் காலேஜில் இடம் கிடைத்தது. பசவனகுடியில் ஒரு வீட்டு மாடியில் தனி அறையும் பிடித்தாகிவிட்டது. சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் விறகு வைத்துப் புகை போடக்கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மாத்திரத்தில் கங்கப்பன் உடம்பில் புது ரத்தம் ஓடியது. விறகு கூடாதென்றால் சீமெண்ணெய் பம்ப் ஸ்டவ் வேண்டும். ஸ்டவ் வந்தால் பில்டர் வரும். பில்டர் வந்தபின் அது பெங்களூர் போய்ச் சேருகிறதா, பாதியிலேயே தங்கிவிடுகிறதா என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

"மாதம்மா! பையன் அறைக்கு என்னென்ன வேணும்னு யோசிச்சியா?"

முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் தலை நிமிரவில்லை. "யோசிச்சேன். களிப் பானை, துடுப்பு, கவைக்கோல், தோசைக்கல், அருவாமனை, சாறு வைக்க ஒரு ஈயச் சொம்பு."

"அடக் கடவுளே! அவன் காலேஜுக்குப் போறானா, கல்யாணத்துக்குச் சமைக்கப் போறானா? நான் சொல்றேன் கேளு. ஒரு பம்ப் ஸ்டவ். ஒரு காப்பி பில்டர். கொட்டை அரைக்கிற மிஷின் ஒண்ணு. டம்ளர் டவரா. அவ்வளவுதான்!"

"அப்போ சோறு?"

"அது… அது ஸ்டவ்வுல ஆயிடும்."

"பில்டர் எதுக்குங்க?"

"கண்ணு முழிச்சிப் படிக்க வேணாமா?"

"அவனுக்குக் காப்பி வாசனை பட்டாலே குமட்டும்."

"பெங்களூர் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்."

மாதம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அவள் சொன்னது இவ்வளவுதான்: "படிக்கிற புள்ளைக்குன்னா வாங்கிட்டு வாங்க."

அடுத்த பஸ்ஸிலேயே ஓசூர் போய்விட்டார் கங்கப்பன். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கௌஸ் பாஷா அவருக்கு நெடுநாள் சிநேகிதர்.

"பாய், தங்க நிறத்துல பளபளன்னு ஒரு ஸ்டவ் எடுங்க. பில்டர் பித்தளையில. அரைக்கிற மிஷினும் டம்ளர் டவராவும் கூட."

"பையனுக்கா அண்ணா?"

"பையனுக்குத்தான்!"

"பையனுக்கு வாங்கறவங்க இப்படிப் பில்டரைத் தடவிக் குடுக்க மாட்டாங்களே" என்று சிரித்தார் பாஷா. "எடுத்துக்கினு போங்க. வீட்டுல ஒத்துக்கலேன்னா திருப்பிக் கொண்டாங்க. அண்ணியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கங்கப்பன் பில்டரை மடியிலும் ஸ்டவ்வைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருகிறவர்போல ஊர் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகக் கூடத்து நடுவில் ஸ்டவ்வை வைத்தார். ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார். பம்ப் அடித்தார். புஸ்ஸென்று ஒரு சீற்றம், பின்னால் நீலச் சுவாலை!

"ஐயய்யோ!" மாதம்மாள் மாட்டுக்கொட்டகைக்கே ஓடிவிட்டாள். "வெடிக்கப் போவுது! அணைங்க!"

"பைத்தியக்காரி! வெடிக்காது வா! பாரு, புகை இருக்கா? கரி இருக்கா?"

"நான் கிட்ட வரமாட்டேன். அது பாம்பாட்டம் சீறுது." கொட்டகைத் தூணுக்குப் பின்னாலிருந்து முகத்தை மட்டும் நீட்டினாள். "அதுல களி கிண்ட முடியுமா?"

"ஏன் முடியாது?"

"அப்போ கிண்டிக் காட்டுங்க. களி இல்லாம எம் புள்ளைக்கு ஒரு வேளை போவாது. களி வந்தா இந்தச் சனியன் இருக்கட்டும். வரலேன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி பாய் கடையிலயே குடுத்துருங்க. அதுவரைக்கும் பில்டர் என்கிட்ட இருக்கும்."

சொன்னவள் சுற்றி வந்து பில்டரை எடுத்துக்கொண்டு போய்த் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் ஏறியது.

கங்கப்பன் பிறந்ததிலிருந்து களி தின்றவர். கிண்டியதில்லை. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டினார். வெந்தது. துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பானை ஒரு பக்கம் போனது. ஸ்டவ் மூன்று காலில் ஒரு காலைத் தூக்கியது. கங்கப்பன் இரண்டு காலையும் தூக்கினார். பானை கவிழ்ந்து, அன்றைக்கு வீட்டு நாய் மட்டும் வயிறார உண்டது.

வேறு யாராக இருந்தாலும் ஸ்டவ்வைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கங்கப்பன் கண் முன்னால் அந்தத் தகரப் பெட்டி நின்றது. மறுநாளும் கிண்டினார், கட்டி தட்டியது. அதற்கு மறுநாள் அடி தீய்ந்தது. இதற்கிடையில் பர்னர் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க ஊசி குத்தப் போனவர் மீசையில் பாதி கருகியது. சென்றாயன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அப்பா, எனக்குச் சொல்லித் தரணும்னுதானே வாங்கினீங்க? நான் கிண்டட்டுமா?" என்றான். "போடா! இது இப்போ உனக்கும் எனக்கும் உள்ள விஷயம் இல்லே. எனக்கும் ஸ்டவ்வுக்கும்!" என்று விரட்டிவிட்டார்.

கடைசியில் ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. மாவு வெந்ததும் பானையைக் கீழே இறக்கி வைக்கோல் பிரிமணைமேல் வைத்தார். கவட்டைபோல் பிரிந்த கவைக்கோலைப் பானைக் கழுத்தில் மாட்டி, அதன் இரண்டு முனையையும் காலால் மிதித்துக்கொண்டார். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். ஆகா! களி திரண்டு உருண்டு வந்தது. மறுபடி ஸ்டவ்மேல் ஏற்றி ஆவி கட்டினார். உருட்டித் தட்டில் போட்டார். தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டவில்லை!

"மாதம்மா!" தளி முழுக்கக் கேட்டது.

மாதம்மாள் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். கங்கப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி.

"நல்லாத்தான் இருக்கு. தொட்டுக்க?"

"என்னது?"

"வெறுங்களியையா திம்பான் எம் புள்ளை? ஒரு கொள்ளுச் சாறு வெச்சிக் காட்டுங்க. பொட்டியைத் திறக்கறேன்."

கொள்ளுச் சாறு வைத்தார். அப்புறம் கீரை கடைந்தார். கீரை சரியாக வந்தபோது, பண்டிகை நாளில் பையன் சோறு தின்பானே என்று சோறு வடிக்கச் சொன்னாள். ஒரு பாடம் முடிந்தால் அடுத்த பாடம் வந்தது, பெட்டி மட்டும் திறக்கவில்லை. ஆனால் கங்கப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் குழம்புக் கிண்ணத்தோடு வந்து ஓர் உருண்டை களி வாங்கிப் போனாள். "ஏ மாதம்மா, எங்க வூட்டுக்காரரும் இருக்காரே! உங்க வூட்டுக்காரர் கைக்குத் தங்க வளையல் போடலாம்" என்றாள். அன்றைக்குக் கங்கப்பன் தலை கால் புரியாமல் நடந்தார். தன்னைத்தான் மெச்சுகிறார்கள் என்று நம்புகிற மனிதனை என்ன வேலையும் வாங்கலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்!

சென்றாயன் புறப்படுகிற நாளும் வந்தது. கங்கப்பன் திட்டத்தில் கடைசிப் படி பாக்கி. ஸ்டவ் பெங்களூர் போகக்கூடாது! அதற்காக நாலைந்து காரணம் சேர்த்து வைத்திருந்தார். பஸ் மேலே போட்டால் நசுங்கும். சீமெண்ணெய் ஒழுகிப் புத்தகம் நாறும். புது ஊர், திருட்டு பயம். எதை முதலில் விடுவது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாதம்மா, இந்த ஸ்டவ்வை இப்போ அனுப்பலாமான்னு…"

"வேணாங்க. இங்கேயே இருக்கட்டும்."

"அந்த பில்டரும்…"

"அதுவும் இருக்கட்டும். அவனுக்கு எதுக்கு?"

காரணங்கள் அத்தனையும் வீணாகிவிட்டன! ஒன்றிரண்டையாவது சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட அவருக்கு ஆசையாக இருந்தது. அதற்குள் மாதம்மாள் கொட்டகையிலிருந்து ஒரு பெரிய சாக்கு மூட்டையை இழுத்து வந்தாள். களிப் பானை, துடுப்பு, கவைக்கோல், தோசைக்கல், அருவாமனை, ஈயச் சொம்பு, எல்லாம் அதில் இருந்தன. மேலே ஒரு புதுக் குமுட்டி அடுப்பு, கூடவே ஒரு கூடை மரக்கரி.

"கரிக்குப் புகையில்லையேப்பா" என்றான் சென்றாயன். "அறை பார்த்த வாரமே அம்மா சந்தையில வாங்கிட்டாங்க. கொட்டகையில வெச்சி எல்லாம் சொல்லியும் குடுத்துட்டாங்க."

பிள்ளைக்குச் சோற்றுக் கவலை தீர்ந்தது. ஸ்டவ்வும் பில்டரும் தனக்கே தனக்கு! கங்கப்பனுக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்து சென்றாயன் அவரைத் தேற்றினான். பெங்களூர்வரை கூடப்போய், மூட்டையை மாடியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஓசூரில் இறங்கிக் காப்பிக்கொட்டையும் வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். பில்டர் பெட்டியிலிருந்து வெளியே வந்து அவருக்காகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

விடிந்ததும் கங்கப்பன் துள்ளி எழுந்தார். கூடத்திலேயே ஸ்டவ்வில் கொட்டையை வறுத்தார். அரைத்தார். பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது. ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனவர் ஒரு கணம் திகைத்து நின்றார். மூலையில் இருந்த மண் அடுப்பைக் காணோம். அந்த இடம் சாணம் மெழுகிக் கோலம் போட்டுச் சுத்தமாக இருந்தது. கோலத்தைச் சுற்றி ஊறுகாய்ச் சாடிகள். என்னமோ செய்திருக்கிறாள், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இப்போது காப்பி!

டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பால் பொங்கியது. டம்ளருக்கும் டவராவுக்கும் இடையில் ஒரு முழம் தூக்கி ஆற்றினார். அந்த வாசனையில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வாசற்படியில் மாதம்மாள் வந்து நின்றாள். காலை வேளையில் அவள் கண் சிவக்காமல் இருப்பதைக் கங்கப்பன் அன்றுதான் பார்த்தார்.

"அடுப்பு எங்கே மாதம்மா?"

"நேத்தே இடிச்சிட்டேன். கட்டிக்கினு வந்த நாளா அந்தப் புகையில வெந்தேன், போதுங்க. வீட்டுல இவ்ளோ நல்ல ஸ்டவ் இருக்கறப்போ அது எதுக்கு?"

"அதுவும் சரிதான். நீயும் இதுல பழகிக்கோ. நான் சொல்லித் தர்றேன்."

"ஐயோ, எனக்கு அதைக் கண்டாலே கை கால் ஆடுதே! நீங்கதான் ஊரே மெச்ச சமைக்கறீங்களே. களி, கொள்ளுச் சாறு, கீரை… இனி எனக்கென்ன குறை?"

கங்கப்பனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. பெட்டி, பாடம், பக்கத்து வீட்டுக் கிண்ணம், எல்லாம். பொல்லாத கோபம் வந்தது. ஆனால் கையில் டம்ளர் இருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது. போகட்டும், களிதானே, கிண்டிவிட்டுப் போகிறேன். இந்த ஒரு வாய்க்கு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

மாதம்மாள் அதைப் பதமாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள்.

"டாக்டர் வேணாம்னது உங்க வயித்துக்குத்தானுங்களே, எனக்கில்லையே? ஸ்டவ்வை அணைச்சிராதீங்க, உங்களுக்கு மல்லித் தண்ணி வெச்சிக்கங்க."