ஏரோது ராஜாவைத் தேடி வந்த எஸ்.ஐ.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஃபிரெடிக்கு,

தாம்பரம் சானடோரியத்திலிருந்து தேவானந்தம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா எப்சியும் சுகம். நான் லாக்கப்பில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் உன்னைத் தேடிப் போலீஸ் வந்தால் பதறாதே.

நடந்தது இதுதான். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் இந்த வருஷமும் ஏரோது ராஜா நான்தான். வசனம் மறந்துபோகிறது, ஒத்திகையில் எதிரே சிப்பாயாக நிற்க நீ இல்லை. போனில் இருக்கிற ஏ.ஐ. எது கேட்டாலும் பதில் சொல்லுமே என்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் உன் பெயரையே சொல்லி, "ஃபிரெடி! பெத்லகேமில் ஓர் ஆண் குழந்தைகூட உயிரோடு இருக்கக் கூடாது, வெட்டு!" என்று கர்ஜித்தேன். நீயாக இருந்தால் "ஆகட்டும் அரசே" என்று தகரக் கத்தியை உருவியிருப்பாய். அது மனநல ஆலோசனைக்கு நம்பர் கொடுத்தது. எனக்குக் கோபம் வராதா? "சிப்பாய் பேசுற பேச்சாடா இது? நாளைக்குள்ள முடிச்சாகணும்!" என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

மறுநாள் வாசலில் எஸ்.ஐ. லோகநாதன். ஏ.ஐ. கம்பெனியே போட்டுக் கொடுத்துவிட்டதாம். "யார் சார் அந்த ஃபிரெடி? எங்க இருக்கான்?" என்றார். "என் ரூம்ல, என் போன்ல பேசினதை ஒட்டுக்கேக்க எந்தச் சட்டம்யா இடம் கொடுக்குது?" என்று எகிறினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நீங்கதான் சம்மதம்னு அழுத்தியிருக்கீங்களே" என்று, பேசினது மொத்தத்தையும் எப்சி முன்னாலேயே வாசித்தார். அவள் மீன் குழம்பைப் பற்றி அதனிடம் நான் புலம்பியதும் அதில் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ரசம்தான்.

முன்பு ரயில்வே காலனி மைதானத்தில் இதே வசனத்தை மைக்கில் கத்தினோமே மச்சான்! செங்கல்பட்டு வண்டியின் இரைச்சலையும் மீறி ஊருக்கே கேட்டது. பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, "சவுண்டு பத்தல சார்!" என்று கை தட்டினார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாருக்கும் நம்மைத் தெரிந்திருந்தது. இப்போது எனக்குப் பேச்சுத் துணைகூட இல்லைடா.

பாஸ்டர் வந்து விளக்கிய பிறகுதான் எஸ்.ஐ. எழுந்தார். போதும் சாமி. வேஷத்தை விட்டுவிட்டேன். நீயும் நாடகத்துக்கென்று மெனக்கெட்டு வர வேண்டாம்.

உன்னையும் தங்கச்சி ஞானஜோதியையும் ஆண்டவர் குறைவில்லாமல் நடத்துவாராக.

உன் மச்சான்,
தேவானந்தம்

பி.கு.: எஸ்.ஐ. மறுபடியும் வந்தார். குடும்பத்தோடு நாடகம் பார்க்க முன்வரிசையில் இடம் வேண்டுமாம். "சிப்பாய் யார் சார்?" என்று கேட்டார். ஃபிரெடி என்று சொல்லிவிட்டேன். பரணில் கிடந்த உன் தகரக் கத்தியைத் துருப் போகத் தேய்த்து வைத்திருக்கிறேன். வந்துடுடா.