மரீன் அண்ணையும் ஒன்பது பிரெஞ்சுக்காரரும்

கப்பலில் கால் வைக்காமலே கடற்போரில் ஒன்பது பேரை வெட்டிச் சாய்த்த ஒரே தமிழர், எனக்குத் தெரிந்தவரை, ஒன்ராறியோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. யாரும் வாசித்ததில்லை. எங்களுக்கு அவர் மரீன் அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் சிவாவும் அண்ணையும் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தோம். மூன்று பேருக்கும் அகதிக் கேஸ். அண்ணைக்குப் பாண் சுடுகிற பக்டரியில் வேலை. அவருடைய மனைவி மலர் அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். கேஸ் வென்றால் ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். தோற்றால் அண்ணையே இங்கே இருக்க முடியாது. கிழமைக்கு ஒரு கடிதம் வரும். அதை வாசித்துவிட்டு அண்ணை யாரோடும் கதைக்காமல் பால்கனியில் போய் நிற்பார்.

பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுச் சாமான் விற்றபோது ஒரு பெட்டி நிறையப் பழைய ஆங்கில நாவல்களை வாங்கி வந்தார். எல்லாம் பாய்க்கப்பல் காலத்துக் கதைகள். பீரங்கி, பாய்மரம், சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள். "இங்கிலீஷ் பழகத்தான் தம்பி" என்றார். ஆறு மாதத்தில் இங்கிலீஷ் வந்துவிட்டது. ஆனால் இருநூறு வருடத்துக்கு முந்தின இங்கிலீஷ். பஸ்ஸில் ஏறும்போது விறைப்பாக நின்று, "பெர்மிஷன் ரு கம் அபோர்ட், சேர்!" என்று கப்பலேற அனுமதி கேட்பார். முதல் கிழமை ட்ரைவர் முழுசிப் பார்த்தான். மூன்றாம் கிழமை அவனே சல்யூட் அடித்து "கிறாண்டட்!" என்று கத்தத் தொடங்கினான்.

எங்கள் பால்கனி மேல்தளமாயிற்று. குசினி கப்பல் குசினியாயிற்று. லிஃப்ற் பழுதானால், "கடல் கொந்தளிக்குது, எல்லாரும் படியாலை!" என்று கட்டளை வரும். அவரை மாலுமி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சிவா ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அண்ணை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாலுமியோ? மாலுமி கயிறு இழுக்கிறவன். மரீன் துவக்கோடை நிக்கிறவன். சண்டையெண்டால் மற்றக் கப்பலுக்குக் குதிக்கிறவன். கடலிலை இருந்தாலும் அவன் மாலுமியில்லை, சிப்பாய். விளங்குதோ?"

"விளங்குது அண்ணை. அங்கையும் இல்லை, இஞ்சையும் இல்லை. எங்களைப்போலை" என்றான் சிவா.

அண்ணை யோசித்தார். "ஓம், உது சரி" என்று மீண்டும் கோப்பையை எடுத்தார்.

பிறகு பழைய உடுப்புக் கடையில் ஒரு சிவப்புக் கோட்டுக் கிடைத்தது. பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. அது பொம்பிளைகளின் கோட்டு, பொத்தான்கள் மற்றப் பக்கம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டு சூட்கேஸ் வார்களை நெஞ்சில் குறுக்காகக் கட்டினார். மரீன்களின் வார் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். அதற்காக இரண்டுக்கும் பற்பசை பூசினார். ஒரு குளிர்காலம் முழுக்க அண்ணை வரும் முன்னே வாசம் வந்தது.

இப்படிப்பட்ட வீரரை ஒரு கோடையில் படகில் ஏற்றி ஒன்ராறியோ ஏரித் தீவுக்குக் கூட்டிப் போனோம். பதினைந்து நிமிடப் பயணம். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போகிற படகு. கயிறு அவிழ்க்க முதலே அண்ணை ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அக்கரையில் நாங்கள் இரண்டு பேரும் கையில் பிடித்து இறக்கினோம். வாயைத் துடைத்துக்கொண்டு, "பெரிய பெரிய அட்மிரல்மாருக்கும் உது இருந்தது" என்றார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

வாசித்தது போதாதென்று எழுதவும் தொடங்கினார். ஆங்கிலேய அரசரின் கப்பலில் மரீனாகச் சேர்ந்த ஒரு யாழ்ப்பாணத்தான் தன் வாயாலேயே சொல்லும் கடற்சாகச நாவல். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை இருத்தி வைத்து வாசிப்பார். 'பீரங்கிகள் முழங்கின. பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. பகைவர் கப்பலின் தளத்திலிருந்து அவள் கையசைத்தாள். நான் குதித்தேன்.' எல்லா அத்தியாயமும் இந்த 'நான் குதித்தேன்' என்பதில்தான் முடியும்.

"அண்ணை, உவன் ஒருக்காலாவது ஏணியாலை இறங்கமாட்டானோ?" என்று கேட்டேன்.

"இல்லை. குதிக்கத்தான் வேணும்." அவர் சிரிக்கவில்லை.

இப்போதுதான் நான் செய்த குளறுபடியைச் சொல்ல வேண்டும். அகதிக் கேஸுக்கு நாட்டில் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எங்கள் ஆட்கள் எல்லாரும் 'கதை' என்றுதான் சொல்வோம். "கதை குடுத்தாச்சோ?" "கதை ஸ்ட்ரோங்கோ?" லோயருக்காக மொழிபெயர்க்கிற மாஸ்டர் போன் எடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கதை வேண்டுமென்றார். அறுபத்திரண்டு பக்க நாவலைத் தண்ணீர்பட்ட பாடாக எழுதின மனிதர், தன் சொந்தக் கதையோடு ஒரு கிழமை மல்லுக்கட்டி ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை. "தம்பி, மேசையிலை கதை கிடக்கு. மாஸ்டரிட்டைக் குடுத்துவிடு."

மேசையில் இரண்டு உறைகள். ஒன்று மெல்லியது, மேலே ஒன்றும் எழுதவில்லை. மற்றது தடித்தது, மேலே கொட்டை எழுத்தில் 'கதை'. நீங்களே சொல்லுங்கள், நீங்கள் எதை எடுத்திருப்பீர்கள்?

கோப்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. விசாரணை அன்று காலைதான், வாசலில் வைத்து, லோயர் அதை முதல் முறையாக வாசித்தார். அவருடைய முகம் பாண் மா மாதிரி வெளுத்தது. பிரெஞ்சும் ஆட்சிமொழியான நாட்டில், பிரெஞ்சுக்காரரை வெட்டினேன் என்று எழுதிக் கொடுத்து அகதி அந்தஸ்துக் கேட்கிறார் அவருடைய கட்சிக்காரர்! எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மாஸ்டரைப் பிடித்தேன்.

"மாஸ்டர், மொழிபெயர்க்கேக்கை உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ?"

"எனக்கேன் சந்தேகம்? இதைவிட நம்பேலாத உண்மையெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறன் ஐசே."

உள்ளே போனோம். சினேகிதர் ஒருவர் கூட இருக்கலாமென்றபடியால் நானும் மூலையில் இருந்தேன். தீர்ப்புச் சொல்லும் அம்மா கண்ணாடியை இறக்கிக் கோப்பைப் பார்த்தார். அவர் கேட்டதை மாஸ்டர் தமிழில் சொன்னார். "நாற்பத்தோராம் பக்கத்திலை நீங்கள் ஏழு பிரெஞ்சுக்காரரை வெட்டினதாக் கிடக்கு. உண்மையோ?"

அண்ணை எழுந்து நின்றார். "ஏழில்லை அம்மா, ஒன்பது. ரெண்டு பேர் அடுத்த அத்தியாயத்திலை."

லோயர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். மாஸ்டர், தமிழில் கதை என்றால் கற்பனையும் கதைதான், வாக்குமூலமும் கதைதான், இப்போது நாங்கள் வாய் திறந்து பேசுவதும் கதைதான் என்று வகுப்பெடுத்தார். அந்த அம்மாவின் வாயோரம் கொஞ்சம் துடித்தது. அப்படியானால் மற்றக் கதை எங்கே, வாயால் சொல்லட்டும் என்றார்.

அண்ணை கையைப் பிசைந்தார். பிறகு குனிந்த தலையோடு சொன்னார். "மன்னார்க் கரையிலையிருந்து இந்தியாவுக்கு வள்ளம். நான் ஏறிட்டன். மலர் கரையிலை நிண்டவ, அடுத்ததா ஏற. நேவியின்ரை சூட்டுச் சத்தம் கேட்டுது. ஓட்டி வள்ளத்தைத் தள்ளிப்போட்டான். இடுப்பளவு தண்ணிதான் அம்மா. அவ கையைக் காட்டிக் கூப்பிட்டவ. நான் குதிச்சிருக்கலாம்." நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். "குதிக்கேல்லை. பயம்."

படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு அப்போது நெஞ்சில் குத்தியது.

இரண்டில் எது உண்மை என்று தான் எப்படி அறிவது என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நான் பயப்படாத கதை பொய் அம்மா. பயந்த கதை உண்மை."

மாஸ்டர் அதை மொழிபெயர்க்கும்போது முதல் முறையாகத் தடுமாறினார். கேஸ் வென்றது. வெளியே வந்ததும் நான் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டேன். "விடடாப்பா" என்று தோளில் தட்டினார். "அந்த ஒண்டரைப் பக்கத்தை உவையள் வாசிச்சிருந்தால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டன்."

ஒன்றரை வருடம் கழித்து மலர் அக்கா வந்தார். விமான நிலையத்துக்கு அண்ணை அந்தச் சிவப்புக் கோட்டோடுதான் வெளிக்கிட்டார். குறுக்கு வார்களை நானும் சிவாவும் கெஞ்சிக் கழற்ற வைத்தோம். கதவு திறந்தது. ஒரு சூட்கேஸோடு மெலிந்த பெண் ஒருவர் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து மலங்க மலங்க விழித்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே இடுப்பளவில் ஒரு இரும்புத் தடுப்பு. அவர் அண்ணையைக் கண்டு கையைக் காட்டினார். பதினைந்து அடி தள்ளி நடந்தால் தாராளமாக வழி இருந்தது.

அண்ணை குதித்தார்.

கால் தடுப்பில் மாட்டி, முகம் குப்புற விழுந்தார். பொத்தான் ஒன்று தெறித்தது. காவலாளிகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மலர் அக்கா சூட்கேஸைப் போட்டுவிட்டு நிலத்திலேயே இருந்து, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, உதென்ன கோலம்? உது பொம்பிளையளின்ரை கோட்டல்லோ!"

மூக்கில் இரத்தத்தோடு அண்ணை சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். ஒருவர் மேலும் எனக்கு இவ்வளவு பாசம் வந்ததில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மாலுமி அவர்தான்.

மன்னிக்க வேணும் அண்ணை. மரீன்.